கூட வந்த ஆள்

“வங்கதேசப் பட்டாளத்துல பெரிய ஜெனரலாக்கும், சரசம்மாக்கா. ஆட்சியக் கவுக்கப் பாத்தாருன்னு பதவியப் பறிச்சிட்டாங்களாம்.”

“கூட நிக்க ஆளு யாரு மோளே?”

“பழைய சிப்பாயாட்டு இருக்கும். எதுக்கெடுத்தாலும் சார், சார்னுல்லா நிக்கான்!”

காலையில் ஆயா சரசம்மாவிடம் இப்படிச் சொல்லிச் சிரித்ததை நினைத்தபடி, நர்ஸ் ஜெபராணி படிவத்தோடு நின்றாள். ரத்த உறவில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால், திருவனந்தபுரம்வரை வந்தும் நாளைக்கு இதய ஆபரேஷன் நடக்காது.

“எனக்கு யாருமில்லை, சிஸ்டர்” என்றார் கிழவர்.

கூட நின்ற அந்த ஆள் படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டான். உறவு என்ற இடத்தில் ‘மகன்’ என்று எழுதினான்.

ஜெபராணி திகைத்துப் போய், தெரிந்த இந்தியில் கேட்டாள். “மகனா? அப்புறம் எதற்கு சார் என்கிறீர்கள்?”

“நான் ராணுவத்தில் சேர்ந்த அன்றைக்கே, இனி அப்பா இல்லை, சார்தான் என்றார். விசாரணையில், ‘சார் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தது உண்மை’ என்று நானே சாட்சி சொன்னேன். அப்புறம் எந்த முகத்தோடு மாற்றிக் கூப்பிடுவது?”

கிழவரின் கை மகனின் கையைத் தேடிப் பிடித்தது.

“உண்மையைத்தானே சொன்னாய்? பதவி போன நாளிலிருந்து கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. ஒரே ஒரு தடவை அப்பா என்று கூப்பிடுடா.”