கடலடியில் பச்சை ஒளி

மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்தபடி நான் போனைப் பார்க்கிறேன். ஆராய்ச்சிக் கப்பலில் இருந்து என் கணவர் ஜாஸ்பர் தன் மேசைத் திரையைக் காட்டுகிறார். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், கடல்தரையில் இறக்கிய கருவியின் விளக்குகளை அணைத்திருக்கிறார்கள். கும்மிருட்டில் லேசரின் பச்சைப் புள்ளி மட்டும் ஒரு வெளுத்த பாறைமேல் நிற்கிறது. “ஏலே, டார்ச்சு அடிக்கதுக்காக்கும் ஒனக்குச் சம்பளம்?” என்கிறார் என் தோளுக்குப் பின்னாலிருந்து மாமியார் நேசபாய். “எம்மா, கல்லயோ தண்ணியயோ மேல கொண்டுவந்தா அதுல உள்ள வாயு பறந்து போவும். அதனால வெளிச்சத்தக் கீழ அனுப்பி, உள்ள என்ன வாயுன்னு கேக்கோம். பத்து நிமிசம் அசையாம நின்னா பதில் வரும்.” “நீ எங்கயாவது பத்து நிமிசம் அசையாம நின்னிருக்கியா?” ஜாஸ்பர் சிரிக்கிறார். கப்பல் சாய்கிறது. கருவியின் கேபிள் விறைக்கிறது என்று யாரோ கத்துகிறார்கள். ஜாஸ்பர் எழுகிறார். விறைத்தால் கருவி இழுபடும், எடுத்த அளவெல்லாம் வீணாகும். “இந்தக் காத்துல மேல்தளத்துக்குப் போவாதீங்க,” என்கிறேன். “கேபிள கொஞ்சம் தளத்தி விட்டுட்டு இப்ப வாறேன் ஷைஜா. நீ பாத்துக்கிட்டிரு.” போனைத் திரைக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டுப் போகிறார். கப்பல் இன்னொரு முறை, முன்னைவிட ஆழமாகச் சாய்கிறது. அவருடைய நாற்காலி தானாக உருண்டுபோய்ச் சுவரில் முட்டுகிறது. எங்கோ கதவு அடிக்கிறது; ஓடும் கால்கள், ஒரு விசில், அவர் பெயரைக் கடலை நோக்கிக் கூப்பிடும் பல குரல்கள். “மக்களே, மக்களே,” என்று மாமியார் போனுக்குள் மகனைக் கூப்பிடுகிறார். தேடுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பப் போவது எங்களுக்கு இன்னும் தெரியாது. கேபிள் தளர்ந்துவிட்டது. பச்சைப் புள்ளி அந்தப் பாறைமேல் இம்மியும் அசையாமல் நிற்கிறது.