அக்கரை இன்சுலின்

அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கனடாவில் இன்சுலின் வாங்கிக்கொண்டு மினசோட்டா திரும்பிய ஆர்விலின் காரைப் பாலத்து முனையில் சுங்க அதிகாரி ஹாலி நிறுத்தினாள்.

"மறுபடியும் நீங்களா? மருந்து டிக்கியிலயா?"

"இந்தப் பனியில டிக்கியில வெச்சா உறைஞ்சு வீணாப்போயிடும்மா. மடியிலயே வெச்சிருக்கேன். மூணு மாசத்துக்கு மட்டும்தான்."

"யாருக்கு?"

"என் பையன் டேரனுக்கு."

"அவர் ஒரு தடவைகூட வரலையே! கார் ஓட்டத் தெரியாதா?"

"என்னைவிட நல்லா ஓட்டுவான். ரோஷக்காரன். யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டான்."

"வயசு?"

"இருபத்தாறு."

ஹாலியின் பேனா நின்றது. "சார், மூணு வருஷமா இருபத்தாறுன்னே சொல்றீங்க."

ஆர்வில் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவோட இன்சூரன்ஸ் இருபத்தாறு வரைக்கும்தானே? அந்தப் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிட்டு, 'இனிமே உன் பாட்டை நீதான் பாத்துக்கணும்'னு முதுகுல தட்டினேன். நம்ம ஊர்ல எல்லா அப்பாவும் சொல்றதுதானே? அவன் வாயே திறக்கல. இங்க விக்கிற விலைக்கு வாங்க முடியாம, அரை அரை டோஸா போட்டு நாலு மாசம் ஓட்டியிருக்கான். அதுக்கப்புறம் அவனுக்கு வயசு ஏறல."

ஹாலி குரலைத் தாழ்த்தினாள். "அப்போ இந்த மருந்து?"

"இந்தத் தடவை எதிர்வீட்டு டெஸ்ஸாவுக்கு. போன மாசம் அவளுக்கும் இருபத்தாறு முடிஞ்சுது."

ஹாலி எதுவும் எழுதாமல் தடுப்பைத் தூக்கிவிட்டாள். கார் நகரவில்லை.

"போங்க சார்."

"எங்க வீட்டுலேர்ந்து இந்தப் பாலம் இருபதே நிமிஷம்தாம்மா," என்றார் ஆர்வில்.