எட்டு மூட்டைப் பந்தயம்

"யக்கா, இந்தப் புளி மூட்டைய இவன் தூக்கிட்டா நான் மீசைய எடுத்துடறேன்!"

பாஞ்சாலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மலைக்கு ரோடு போட கேம்ப் வந்திருக்கும் காலேஜ் பையன்கள் இரண்டு பேர். சவால் விட்டவன் வடிவேலு. சட்டைக் கையைச் சுருட்டியவன் ராஜாக்கண்ணு.

"மொதல்ல மீசை மொளைக்கட்டும்டா. காலேஜு ஜிம்முல நூறு கிலோ தூக்குறவன் நான்."

"நான் நூத்தம்பது!"

பாஞ்சாலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கவலை அவளுக்கு. வியாபாரியின் லாரி கீழே ரோட்டு முனையில் நிற்கிறது. நாலு மணிக்குக் கிளம்பிவிடும். மேகம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது. நனைந்த புளியை எவன் தொடுவான்? புருஷனோ மரத்திலிருந்து விழுந்து, காலில் கட்டோடு போளூர் ஆஸ்பத்திரியில்.

காலையில் இவர்களுடைய வாத்தியார், "பசங்கள அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டார். அவள்தான் வேண்டாமென்றாள். மலையில் ஒருத்தர் நமக்கு ஒரு நாள் வேலை செய்தால், நாமும் அவர்களுக்கு ஒரு நாள் வேலை செய்து திருப்ப வேண்டும். பிள்ளைக்காரி எப்போது திருப்புவாள்?

"வெளையாட என் புளிதான் கெடச்சுதா தம்பி? மூட்டை கிழிஞ்சா இன்னா பண்றது?"

"இங்க ஜிம்மு இல்லியேக்கா! ரெண்டு நாளா கை நமநமங்குது. லாரி வரைக்கும்தான் பந்தயம். தீர்ப்பு நீங்க சொல்லுங்க."

அவள் வாய் திறப்பதற்குள் மூட்டைகள் தோளேறிவிட்டன.

"யக்கா, பாத்துக்கோங்க, அவன் காலு நடுங்குது!"

"நடுக்கம் இல்லடா, ஸ்டைலு!"

ஒவ்வொரு மூட்டையையும் லாரியில் ஏற்றிவிட்டுப் புஜத்தை மடக்கி மடக்கிக் காட்டினார்கள். அதைவிட அவள் வீட்டு உலக்கை தடிமன். குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. பயந்து பயந்து பின்னால் ஓடிய பாஞ்சாலைக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஆளுக்கு நாலு. எட்டாவது மூட்டை ஏறவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது.

"யாருக்கா ஜெயிச்சது?"

"ரெண்டு பேரும் சமம்!"

ஒப்புக்கொள்ளாமல் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். 'சரியான பீத்தல் பசங்க! பந்தயத்துக்குத்தானே தூக்கினாங்க, நாம ஒண்ணும் திருப்ப வேணாம்' என்று நிம்மதியாக வீடு திரும்பினாள்.

சாயங்காலம் வாத்தியார் குடையோடு வந்தார்.

"வடிவேலும் ராஜாக்கண்ணும் இங்க வந்தாங்களாம்மா? தோள் வலின்னு சுருண்டு கெடக்குறானுங்க."

"பந்தயம் வெச்சாங்க சார். காலேஜு ஜிம்முல நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க."

"எங்க காலேஜ்ல ஏதும்மா ஜிம்மு? மண்ணுக் கூடை தூக்கவே மொனகுற பசங்க. காலையில நீங்க வேணாம்னு சொன்னப்ப, என் பின்னாலதான் நின்னுட்டு இருந்தாங்க."

பாஞ்சாலை கோழிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் கேம்ப் நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இடுப்பில் குழந்தை. தலைக்கூடையில் சாமைச் சோறு, கோழிக் குழம்பு.

"தம்பிங்களா," என்றாள், சிரிப்பை அடக்கி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. "நேத்து பந்தயம் தீரல. யாரு அதிகமா சாப்பிடறீங்களோ, அவங்கதான் ஜெயிச்சாங்க. தீர்ப்பு நான் சொல்றேன், உக்காருங்க!"