காசியில் விட்டது

அண்ணன் இறந்த அன்று அவருடைய போனை எடுக்காமல் இருந்த வருத்தம் திருமேனிக்கு ஒன்பது வருடமாகத் தீரவில்லை.

காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வருவது வழக்கம். கங்கையில் இடுப்பளவு நீரில் நின்றவரிடம், "கத்திரிக்காய்னு சொல்லுங்க" என்றாள் மனைவி வடிவு.

"அந்தப் போன் நெனப்பை விடுறேன்" என்று முங்கி எழுந்தார்.

"அது காயா, கனியா?"

"அதத்தானே தெனமும் தின்னுட்டிருந்தேன்."

திரும்பும் ரயிலில், "அன்னைக்கு மட்டும் நான்..." என்று அவர் தொடங்கியதும் வடிவு விரலை உயர்த்தினாள். "காசியில விட்டத மறுபடி தொடக் கூடாது."

ஜன்னலுக்கு வெளியே கடுகு வயல்கள் நெடுநேரம் ஓடின. அதை விட்டால் அண்ணனைப் பற்றிப் பேச வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தபடி இருந்தவர், திடீரென்று சிரித்தார்.

"எனக்கு சைக்கிள் பழக்குறேன்னு எங்கண்ணன் சாணிக் குழியில போய் விழுந்தான், தெரியுமா?"