செம்பியின் கழுத்தில் ஒரு கை

"நீங்க காப்பித்தூள் விக்கறீங்களா, மாடு விக்கறீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு, மலர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள்.

திரையில் எங்கள் பசு செம்பி நின்றது. அதன் இடக்கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது. கழுத்தின்மேல் ஒரு கை படிந்திருந்தது. கைக்கு உரியவர் படத்தில் இல்லை.

அதன் கீழே, ‘செம்மநத்தம் காப்பித்தூள், சொந்தத் தோட்டத்தில் விளைந்தது’ என்னும் வரி இருந்தது.

விளம்பரம் வெளியாகி ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. நாற்பத்தொரு பேர் கருத்துரை எழுதியிருந்தனர். அவர்களுள் காப்பித்தூளைப் பற்றி வினவியவர் ஒருவரும் இலர்.

மலர் ஒவ்வொன்றாக வாசித்தாள். நாமக்கல்காரர் ஒருவர், மாடு நேரத்துக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்டிருந்தார். தருமபுரியிலிருந்து ஒருவர், பல் தெரியும்படி இன்னொரு படம் போடுமாறு பணித்திருந்தார். புண்ணாக்கு வியாபாரி ஒருவர் தம் கைப்பேசி எண்ணையே விட்டுச் சென்றிருந்தார்.

"ஒருத்தரு கொம்புக்கு வைத்தியமே சொல்லியிருக்கறாருங்க. பேசாம நீங்க சந்தைக்கே போயிருக்கலாம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மலரின் கடை ஏற்காடு ஏரிச் சாலையில் உள்ளது. கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ், கைப்பேசி விளம்பரம் ஆகிய மூன்றும் அங்கே செய்து தரப்படும். விளம்பரம் ஆட்களைச் சென்றடையும் முறையை எனக்கு விளக்கியவளும் அவளே.

முன்பெல்லாம் ஊர், வயது, விருப்பம் ஆகியவற்றை நாமே குறித்துக் கொடுக்க வேண்டுமாம். இப்போது அது தேவையில்லை. படத்தைக் கொடுத்தால் போதும். அப்படத்தில் யாருடைய விரல் நின்று நகர்கிறதோ, அவரைப் போன்றோரை இயந்திரமே தேடிச் செல்லும்.

இது உண்மை என்பதை நான் இருமுறை கண்டேன். ஆவி பறக்கும் குவளையின் படத்தைப் போட்டபோது, சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் தூள் கேட்டார்கள். கொட்டை காயும் களத்தின் படத்தைப் போட்டபோது, எஸ்டேட்டில் தங்க அறை கிடைக்குமா என்று கேட்டார்கள். தூள் ஒன்றுதான். படம் மாறியதும் ஆட்கள் மாறினார்கள்.

இதனை அறிந்த பின்னரே, மூன்றாவதாக நான் செம்பியின் படத்தைப் போடச் சொன்னேன்.

என் மகள் சிவரஞ்சனி என் எண்ணைத் தடுத்துவைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவள் எந்த ஊரில் வசிக்கிறாள் என்பதை உறவினர் எவரும் என்னிடம் கூறுவதில்லை. ஊரை அறியாதவன், இயந்திரத்துக்கு ஊரைக் குறித்துக் கொடுப்பது எங்ஙனம்?

எனினும் ஒன்றை நான் அறிவேன். சோறு உண்ணும்போதும் அவள் கைப்பேசியில் மாடுகளைத்தான் பார்ப்பாள். எங்கோ கன்று ஈனும் பசுவைப் பார்த்து, தட்டில் கை காய அமர்ந்திருப்பாள். மாட்டின் படத்தில் விரல் நிற்கும் ஆயிரம் பேருள் அவளும் ஒருத்தியாக இருப்பாள் என்று நம்பினேன். அந்த ஒருத்தி போதும்.

"படத்த மாத்தீரலாங்கண்ணா," என்றாள் மலர். "மாடே இப்ப இல்லீங்களே. போன ஐப்பசியிலயே செத்துப்போச்சுங்களே."

"இருக்கட்டும் கண்ணு."

"அந்தக் கையையாவது எடுத்துரட்டுங்களா?"

இதைக் கேட்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கையி இருக்கட்டும்."

அவள் எஞ்சிய கருத்துரைகளைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிக் கருத்துரையில் அவளது விரல் நின்றது. அதை அவள் வாசிக்கவில்லை. ஆகவே நானே முன்னால் குனிந்து, எழுத்து எழுத்தாக வாசித்தேன்.

எழுதியவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கன்றுக்குட்டி இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டுமே இருந்தது.

‘செம்பி இன்னும் உசுரோட இருக்குதுங்களா?’

பசுவின் பெயரை விளம்பரத்தில் நாங்கள் எங்கும் குறிப்பிடவில்லை.

‘அப்பா’ என்னும் சொல் அதில் இருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை பார்த்தேன். இல்லை.

வெளியே சேலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. ஏரிப் பக்கமிருந்து வந்த பனி, கடையின் கண்ணாடிக் கதவை வெண்மையாக்கியிருந்தது.

"என்னன்னுங்க பதில் போடறது?"

இறந்துவிட்டது என்று எழுதினால், அவள் என்னிடம் கேட்பதற்கு வேறொன்றும் எஞ்சாது. இருக்கிறது என்று எழுதினால், அதைப் பார்க்கவேனும் ஒருநாள் மலையேறி வரக்கூடும்.

"இருக்குதுன்னு போடு கண்ணு. ஒடஞ்ச கொம்புப் பக்கம் இன்னும் யாரையும் தொடவுட மாட்டேங்குதுன்னு போடு."

மலர் தட்டச்சுப் பலகையின்மேல் வைத்த கைகளை எடுத்துவிட்டாள்.

"மறுபடியுமாங்கண்ணா?" என்றாள்.



இந்தப் படத்தின் மறுபாதி அவளுடைய கணினியிலேயே உள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு முன் சிவரஞ்சனியைச் செம்பியிடமிருந்து கத்தரித்து எடுத்தவள் மலர். எடுக்கச் சொன்னவன் நான். முகமும் தோளும் போதும் என்றேன். ஆதலால் கை மட்டும் பசுவின் கழுத்திலேயே தங்கிவிட்டது.

அந்த மறுபாதி, ஆறடி பிளக்ஸாக ஏற்காடு பஸ் நிலையத்தில் மூன்று நாட்கள் நின்றது. முகத்துக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதுவித்தேன்.

‘தோற்றம்’ என்பதற்கு நேரே, அவள் பிறந்த நாளைப் பிழையின்றிக் கொடுத்தேன்.

‘மறைவு’ என்பதற்கு நேரே, அவள் தான் விரும்பியவனை மணந்துகொண்ட நாளைக் கொடுத்தேன்.