கேம்ப்வாலா

“இதுவரைக்கும் பெருசா என்ன சாதிச்சிருக்கீங்க மாப்ள?”

செம்பூர் ஃப்ளாட்டில், பெண் பார்க்க வந்திருந்த ரமேஷ்குமாரிடம் பெரியநாயகம் கேட்டார். பெண்ணைப் பெற்றவர் கேட்கிற கேள்விதான். பதில்தான் கோணல்.

“மொபைல் கேம்ல இந்த சீசன் மகாராஷ்டிராவிலேயே டாப் ரேங்க் நான்தான் மாமா!”

பெரியநாயகம் வாயில் போட்ட லட்டு உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றது. தாணேயில் வீடு, பாங்க் வேலை என்று தரகர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கல்யாணத்துக்கு நிற்கிற ஆண்பிள்ளை, போனில் பொம்மை சுட்டதைப் போர்முனையில் மெடல் வாங்கியது மாதிரி சொல்கிறானே!

“ஓஹோ! கவர்னர் கூப்பிட்டு மாலை போட்டாரோ?”

கிண்டல் பையனுக்கு எட்டவில்லை. “இல்ல மாமா, கேம்ல என் ஆளுக்குப் போட்டுக்கப் புது ஸ்கின் குடுத்தாங்க.”

“தோலா? தோலு எங்க தாராவியில லாரி லா...”

மிச்சத்தை அவசரமாக டீயோடு சேர்த்து விழுங்கினார்.

விழுங்கிப் பழகியவர்தான். அவர் பிறந்து வளர்ந்தது தாராவியில் கூலித் தொழிலாளிகள் குடியிருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப். யாராவது பூர்வீகம் கேட்டால் ‘மாட்டுங்கா’ கணீரென்று வெளியே வரும். ‘லேபர் கேம்ப்’ தொண்டைக்குள் போய்விடும். காரணம் இருந்தது. போன வருஷம் வாஷியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், “ஓ, கேம்ப் ஆளுங்களா?” என்று கேட்டுவிட்டு இறங்கிய வேகத்தில் லிஃப்ட் ஒரு வாரம் படுத்துவிட்டது. ‘இன்னொரு தடவை என்னை இப்படி உக்கார வெச்சீங்கன்னா, கல்யாணமே வேண்டாம்’ என்று அன்றைக்கே சொல்லியிருந்தாள் மகள் உமாமகேஸ்வரி. அதனால் இன்றைக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வெளியே வரக்கூடாது. எருமைக்கு இருக்கிற பொறுப்புகூட இல்லாத இந்தப் பயலையும் அதற்காகத்தான் பொறுத்துக்கொண்டிருந்தார்.

உமா என்னவோ முகம் மலர்ந்து கேட்டாள். “எப்படி ஜெயிச்சீங்க?”

பையன் சோபா நுனிக்கு வந்துவிட்டான்.

“கடைசி ரவுண்டுங்க. எங்க டீம்ல நான் ஒருத்தன்தான் மிச்சம். அந்தப் பக்கம் நாலு பேரு. நாலு பேரும் கேம்ப்வாலா.”

பெரியநாயகத்தின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“என்ன வாலா?”

“கேம்ப்வாலா, மாமா. சுத்த தேர்டு கிளாஸ் பசங்க. அவனுங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். தேடித் தேடி அடிச்சேன். ஒருத்தனை விடல. என் லைஃப்லயே எனக்குப் பெருமைன்னா அதான்!”

பையனின் அப்பா பூலோகம், ஏனோ கை நிறைய மிக்சரை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டார்.

பெரியநாயகம் எழுந்தார். அவர் போட்ட சத்தத்தில், செம்பூர் ஸ்டேஷனில் நின்ற ரயில் ஒன்று சிக்னல் இல்லாமலே கிளம்பிவிட்டதாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

“ஏலேய்! யாருல தேர்டு கிளாஸ்? நான் கேம்ப்காரன்ல! லேபர் கேம்ப்ல பொறந்து, அங்க குழாயடியில குளிச்சு, எவர்சில்வர் பாத்திரக் கூடையைத் தலையில சுமந்து தெருத் தெருவா வித்து இந்த வீட்டுக்கு வந்தவன்ல! சோபாவுல சாஞ்சிக்கிட்டு பொம்மை சுடுற பய, நீ கேம்ப்காரனை அடிப்பியோ? எங்க, இப்ப அடி பாப்போம்!”

“அப்பா!” உமா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ரமேஷ்குமார் சோபாவின் மறுகோடிக்கு நகர்ந்தான்.

“ஐயோ மாமா, நான் உங்க ஏரியாவைச் சொல்லல! இது கேம்ல சொல்றது. நேருக்கு நேர் வந்து நிக்கத் தைரியம் இருக்காது. தான் எங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மூலையில பதுங்கியே கிடப்பான். அந்த மாதிரி ஆளைத்தான் கேம்ப்வாலான்னு சொல்லுவோம்.”

பெரியநாயகம் தொப்பென்று உட்கார்ந்தார். இத்தனை வருஷம் கட்டிக்காத்ததை, யாரும் கேட்காமலே, தானே எடுத்து டீபாய் மேல் வைத்தாகிவிட்டது.

“விடுங்கப்பா,” என்றாள் உமா. “அவர் ஒண்ணும் உங்களைக் கண்டுபிடிக்கல. நீங்களேதான் வெளிய வந்தீங்க.”

“சரி, தெரிஞ்சாச்சுல்ல?” என்றார் பெரியநாயகம், வந்தவர்களைப் பார்த்து. “கிளம்புறதுன்னா கிளம்புங்க. மெதுவா இறங்குங்க, லிஃப்ட் தாங்காது.”

யாரும் எழுந்திருக்கவில்லை.

பையனின் அம்மா பார்வதியம்மாள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

“கேம்ப்ல எந்தச் சந்து அண்ணாச்சி?”

“எந்தச் சந்தா இருந்தா உங்களுக்கு என்னம்மா?”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“இப்பமாவது புள்ளைகிட்டச் சொல்லுங்களேன்.”

“என்னத்தைப்பா?” என்றான் ரமேஷ்குமார். “தாணேக்கு வர்றதுக்கு முன்னால நாம சயான்லதானே இருந்தோம்?”

பூலோகம் மிக்சரை மென்று முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“சயான் இல்லல. நீ பொறக்கதுக்கு முன்ன நாங்களும் கேம்ப்தான். இந்தா, இவரு சொன்ன கேம்ப்பும்தான், நீ சொன்ன கேம்ப்பும்தான்.”