மூன்றாவது வரிசை

“அங்க பாருங்க! மூணாவது வரிசைல ரெண்டு சீட்டு காலியா இருக்கு. பக்கத்துல ஒரு ஆளு தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கிட்டிருக்கான்,” என்றாள் சுசீலா.

விஜயபாஸ்கர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பால்கனியின் கடைசி வரிசையிலிருந்து, ஆடிப் பாடுகிற ஹீரோ கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தான்.

ராக் அண்ட் ரோல் பிறந்த புதிதில் அமெரிக்காவையே ஆட்டிவைத்த ஒரு பாடகரின் கதை. லண்டனிலிருந்து துபாய்க்கு வந்த இசை நாடகம். சுசீலா ஒரு மாதம் நச்சரித்ததில் விஜயபாஸ்கர் டிக்கெட் எடுத்துவிட்டான். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்.

“இவ்வளவு சத்தத்துல எப்படிங்க தூக்கம் வரும்? காசு குடுத்து வந்தவன் தூங்குவானா? எவனோ நைசா உள்ள புகுந்திருக்கான்.”

“இருந்துட்டுப் போகட்டும் சுசீ. பாட்டைக் கேளு.”

“நாம இங்க கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். அவன் அங்க போய்த் தூங்குறான்!”

இடைவேளை விட்டதும் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“கீழ போறோம்.”

“யாராவது கேட்டா?”

“நாம டீசன்ட்டா இருக்கோம். திருதிருன்னு முழிக்கிறவங்களைத்தான் கேப்பாங்க. நீங்க முழிக்காம வாங்க.”

மூன்றாவது வரிசையில் அந்த ஆள் இப்போது விழித்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கசங்கின சட்டை, காலில் சாதா செருப்பு. இவர்களைப் பார்த்ததும் காலை ஒடுக்கி வழி விட்டார்.

“வாங்க, வாங்க. தமிழா? நான் காயல்பட்டினம். பேரு கௌஸ் முகைதீன். சத்வாவுல சின்னதா ஒரு மளிகைக் கடை.”

“பாட்டுன்னா ரொம்பப் பிடிக்குமோ?” என்று சுசீலா கொக்கி போட்டாள்.

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது தங்கச்சி,” என்று சிரித்தார் அவர்.

சுசீலா கணவனை இடித்துக் காதில் கிசுகிசுத்தாள். “கேட்டீங்களா? புரியாதவனுக்கு மூணாவது வரிசை!”

அதற்குள் முதல் வரிசையிலிருந்து ஒரு தலை திரும்பியது. விஜயபாஸ்கர் சீட்டில் சரிந்து உட்கார்ந்தான். அவனுடைய மேனேஜர்!

“அட, விஜய்! நீயுமா? இந்த சீட்டு விலையைப் பார்த்து நானே யோசிச்சேனே,” என்றார் அவர் ஆங்கிலத்தில்.

விஜயபாஸ்கர் வாய் திறப்பதற்குள் சுசீலா முந்திக்கொண்டாள். “நாங்க எப்பவும் முன்னாடிதான் சார் உட்காருவோம்.”

மேனேஜர் புருவத்தை உயர்த்திவிட்டுத் திரும்பிக்கொண்டார். சுசீலா மேடை தெரிகிற மாதிரி ஒரு செல்ஃபி எடுத்து, உடனே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள்.

விளக்கு அணைந்தது. இங்கிருந்து பார்த்தால் ஹீரோவின் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. அவன் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் அரங்கமே கூச்சல் போட்டது. சுசீலா எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினாள்.

அடுத்து மெதுவான ஒரு சோகப் பாட்டு. அரங்கம் அமைதியாக இருக்க, பக்கத்து சீட்டிலிருந்து குறட்டை கிளம்பியது.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“நீங்கதான் குறட்டை விடுறீங்கன்னு நினைக்கப் போறாரு,” என்று பல்லைக் கடித்தாள் சுசீலா.

“விடு சுசீ. நாமளே இங்க…”

“நாமளே என்ன? நாம ரசிக்கிறோம்ல? இவன் எதுக்கு?”

டிக்கெட் பார்க்கும் பெண் ஓரமாக நின்றிருந்தாள். சுசீலா கையசைத்துக் கூப்பிட்டு, அவள் காதில் ஆங்கிலத்தில் ஓதினாள். “இந்த ஆளோட டிக்கெட்டைக் கொஞ்சம் பாருங்க. எனக்கு சந்தேகமா இருக்கு.”

அந்தப் பெண் கௌஸ் முகைதீனின் தோளைத் தொட்டாள். அவர் பதறி எழுந்தார்.

“யா அல்லாஹ்! பால் வண்டி வந்துருச்சா?”

“டிக்கெட் சார்.”

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே போனை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண் போனைப் பார்த்தாள். பிறகு சீட்டுகளைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த சின்ன டார்ச் வெளிச்சம் மெல்ல நகர்ந்து சுசீலாவின் மடியில் வந்து நின்றது.

“மேடம், உங்க டிக்கெட்?”

முதல் வரிசைத் தலை மறுபடி திரும்பியது.

சட்டைப் பைக்குள் போன விஜயபாஸ்கரின் கை வெளியே வரவில்லை. சுசீலா கைப்பையைத் திறந்து சீப்பு, டிஷ்யூ, லிப்ஸ்டிக் என்று கிளறிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எல்லோர் முன்னாலும் எழுப்பி வெளியே அனுப்பினால், நாளைக்கு இவர் எந்த முகத்தோடு ஆபீஸ் போவார்?

“அவங்ககிட்ட எதுக்கும்மா கேக்குற?” என்று கௌஸ் முகைதீன் இந்தியில் சொன்னார். “மூணு சீட்டும் என் போன்லயே இருக்கு பாரு. இவங்க என் தங்கச்சியும் மச்சானும்.”

அந்தப் பெண் இன்னொரு தடவை போனைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தாள். மேனேஜரும் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுசீலா கைப்பையை மூடினாள். “பாய்… இது உங்க சீட்டா?”

“மகளுக்கும் அவ உம்மாவுக்கும் சேர்த்து எடுத்தது. பாட்டுன்னா மகளுக்கு உசிரு. இன்னைக்குப் பார்த்துக் காய்ச்சல்ல படுத்துட்டா, உம்மா அவகூட இருந்துட்டா. ‘வாப்பா, நீங்களாவது பார்த்துட்டு வந்து சொல்லுங்க’ன்னு அனுப்பி வச்சா. நான் கடை அலுப்புல தூங்கிட்டேன்.”

“அப்ப நாங்க வந்து உக்காந்தப்பவே…”

“சும்மா கிடக்குற சீட்டுதானே தங்கச்சி? ஆசையா வந்து உக்காந்தீங்க.”

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “ஆனா, யாரோ நம்ம மூணு பேர் மேலயும் புகார் குடுத்திருக்காங்க. பொறாமை பிடிச்ச சனம்! நீங்க கவலைப்படாமப் பாருங்க. இனிமே நான் தூங்காம உங்களுக்குக் காவல் இருக்கேன்.”